ஏழாம் நம்பர் கம்பம்

வாயை விட்டது செப்டம்பரில். அதற்கான தண்டனையை ராய்லி ஜனவரியிலும் அனுபவித்துக்கொண்டிருந்தாள். தினமும் காலை ஆறே காலுக்குக் கட்டடத்தின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவாள். மூக்குக்குள் இருக்கிற ஈரம் உறைந்து குத்தும். அந்த நொடியில் அந்தச் செப்டம்பர் சனிக்கிழமை நினைவுக்கு வரும். தன்னைத் தானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருக்கும். கையுறை அவ்வளவு தடிமன் என்பதால் அதுவும் வலிக்காது.

அந்தச் சனிக்கிழமை முற்றத்து வேலை நாள். பின்லாந்தில் ஓவுலு நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் அந்தக் குடியிருப்பில் வருஷத்துக்கு இரண்டு முறை எல்லோரும் இறங்கி வந்து இலை வாருவார்கள், குப்பைக் கொட்டகையைக் கழுவுவார்கள். கடைசியில் நெருப்பு மூட்டி சாசேஜ் வாட்டித் தின்பார்கள். பிறகு அடுத்த வேலை நாள் வரை ஒருவரோடு ஒருவர் பேசாமல் நிம்மதியாக இருப்பார்கள்.

ராய்லிக்கு ஐம்பத்தாறு வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை. வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். அந்தக் கோடை முழுக்கக் காரைத் தொடாமல் சைக்கிளிலேயே போய் வந்திருந்தாள். காலில் புதுத் தெம்பு, முகத்தில் வெயில், கையில் சாசேஜ். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் மனிதர்கள் என்ன வேண்டுமானாலும் பேசுவார்கள்.

ஆரம்பித்து வைத்தது அவள் கணவன் தார்மோ. பக்கத்துத் தெருவில் பெயிண்ட் கடையில் வேலை செய்பவன். பெயிண்ட் காய்வதைப் பார்த்துப் பார்த்து எதற்கும் அவசரப்படாத ஆள்.

"அக்டோபர் வரைக்கும் ஓட்டுவா" என்றான் நெருப்பைப் பார்த்துக்கொண்டே. "பால்கனியில துடுப்புப் போடுற மெஷின் ஒண்ணு நிக்குது. அது மேல என் சட்டைதான் காயுது. ஸ்பானிஷ் கிளாஸுக்கு மூணு வாரம் போனா. தேனீ வளர்க்கிறதுக்கு நாலு புஸ்தகம் வாங்குனா. தேனீதான் இன்னும் வரல."

எல்லோரும் மூக்கால் சிரித்தார்கள். ராய்லியும் சிரித்திருக்கலாம். ஆனால் அவன் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. தொடங்குவாள், விட்டுவிடுவாள். அது அவளுக்கே தெரியும். தெரிந்ததை இருபது பேர் முன்னால் சொன்னதுதான் சுருக்கென்றது.

"குளிர்காலம் முழுக்கச் சைக்கிள்லதான் போவேன். எனக்குக் கம்பமே வேணாம்" என்றாள். "ஏழாம் நம்பரை வரிசையில காத்திருக்கிறவங்களுக்குக் குடுத்துருங்க."

தார்மோவின் சாசேஜ் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

கம்பம் என்றால் அந்த ஊரில் சாதாரண விஷயம் இல்லை. வண்டி நிறுத்துமிடத்தின் முன்வரிசையில் பத்துக் கம்பங்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மின்பெட்டி, நேரம் குறித்து வைக்க ஒரு திருகு, ஒரு பூட்டு. கம்பத்திலிருந்து காருக்கு வயர் போட்டு வைத்தால் காலையில் எஞ்சின் சூடாக, கண்ணாடி தெளிவாக, வண்டி ராஜா மாதிரி கிளம்பும். கம்பம் இல்லாதவர்கள் பின்வரிசையில் பனியைச் சுரண்டி, சாவியைத் திருகி, காரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பார்கள். கம்பத்துக்கு ஒன்பது பேர் காத்திருந்தார்கள். சிலர் பத்து வருஷமாக. ஏழாம் நம்பர் பதினாலு வருஷமாக ராய்லியின் கையில் இருந்தது.

வேறு ஊராக இருந்தால் யாராவது அவள் கையைப் பிடித்து, அவன் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னான், நீ உட்காரம்மா என்று சமாதானம் செய்திருப்பார்கள். இங்கே அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு. ஒருத்தர் ஒன்றைச் சொன்னால் யோசித்துத்தான் சொல்லியிருப்பார் என்று நம்பிவிடுவார்கள். குடியிருப்பின் தலைவர் என்சியோ, சுங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ஞாயிறு காலையில் வந்து கம்பத்தின் சாவியையும் வாங்கிப் போய்விட்டார்.

அக்டோபர் ஓடிவிட்டது. அக்டோபரில் யாரும் ஓட்டலாம்.

நவம்பரைக் காலண்டரில் எந்த மடையன் சேர்த்தான் என்று ராய்லி பலமுறை யோசித்திருக்கிறாள். பனி விழுந்தாலாவது தரை வெளுத்துக் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். நவம்பரில் பனியும் கிடையாது, சூரியனும் கிடையாது. மழை மட்டும் உண்டு, அதுவும் பக்கவாட்டில். வேலைக்குப் போகும்போது இருட்டு, திரும்பும்போது இருட்டப் போகிற நேரம். சைக்கிள் விளக்கு காட்டுவதெல்லாம் ஒரு முழம் கறுப்புத் தார். வேலைக்குப் போய்ச் சேர்ந்தால் சாக்ஸைப் பிழிய வேண்டும். ஊரார் துணியை உலர்த்துகிற இடத்தில் அவளுடைய சாக்ஸ் மட்டும் நாள் முழுக்கக் காயாது.

சலவைக்கூடத்துக் காபி அறையில் ஒரு பத்திரிகை கிடந்தது. இருண்ட மாதங்களில் சைக்கிள் ஓட்டும் உற்சாகத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு பக்கம் நிறைய யோசனைகள். எழுதியவன் எங்கோ வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். இருந்தாலும் ராய்லி எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். முதல் நாளே உடுப்பை எடுத்து வைத்தாள், நாலு நாள் வேலை செய்தது. வெள்ளிக்கிழமை வரை ஓட்டினால் ஏலக்காய் பன் என்று தனக்குத் தானே பரிசு வைத்தாள், புதன்கிழமையே தின்றுவிட்டாள். துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. கூட வேலை செய்கிற ஒருத்தி இரண்டு நாள் வந்தாள், மூன்றாம் நாள் கைபேசியை அணைத்து வைத்துவிட்டாள். காலைக் காற்று மனதுக்கு நல்லது என்று கடைசியில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை ராய்லி கிழித்து ஈர ஷூவுக்குள் திணித்தாள். அது ஒன்றுதான் உருப்படியாகப் பயன்பட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது ஏழாம் நம்பர் கம்பம்.

அது காலியாக நின்றது. யாரும் அங்கே வண்டி நிறுத்தவில்லை. செப்டம்பரில் கொடுத்தது, அக்டோபரில் காலி, நவம்பரில் காலி. டிசம்பரில் பனி விழுந்தபோது மற்ற ஒன்பது இடங்களிலும் கார் நின்று நின்று தரை கறுத்திருக்க, ஏழாம் இடம் மட்டும் விரித்த மெத்தை மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. சைக்கிள் நிறுத்தும் இடம் அதற்கு நேர் எதிரே. ஒவ்வொரு காலையும் பூட்டைத் திறக்கக் குனிந்து நிமிர்ந்தால் அந்த வெள்ளைதான் முகத்தில் அடிக்கும். நான் இருட்டில் கிடந்து சாகிறேன், வாங்கினவன் எங்கே போய்த் தொலைந்தான் என்று வயிறு எரியும்.

படிக்கட்டில் என்சியோவைப் பார்த்தபோது கேட்டும் பார்த்தாள்.

"ஏழாம் நம்பர் யாருக்குப் போச்சு?"

"வரிசையில முதல்ல இருந்தவங்களுக்கு."

"யாரு அது?"

"பேரைச் சொல்றதுக்கில்ல" என்று அவர் ஒரு படி இறங்கினார். "வழுக்குது, பாத்துப் போ."

நேராகக் கேட்க முடியாததை எழுதி ஒட்டுவது அந்தக் கட்டடத்தின் வழக்கம். கீழ்ப்படிக்கட்டில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. துணி காயப்போடும் அறையில் யார் யாருடைய போர்வையைத் தள்ளி வைத்தார்கள் என்பதிலிருந்து எல்லாச் சண்டையும் அங்கேதான், பேர் போடாத சீட்டுகளில். ஏழாம் கம்பத்துக்கும் சீட்டுகள் வந்தன. 'ஏழாம் நம்பர் காலியாக இருக்கிறது. ஏன்?' என்று ஒன்று. 'எட்டுப் பேர் காத்திருக்கிறோம். சிலருக்கு வெட்கம் கிடையாது' என்று சிவப்பு மையில் இன்னொன்று. ஒட்டிய இரண்டாம் நாள் சீட்டு காணாமல் போகும். உடனே அடுத்தது வரும்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள், எதிர்க்காற்றில் ஐம்பது நிமிஷம் மிதித்து வந்த கோபத்தில், ராய்லியும் ஒன்று எழுதினாள். காபி அறையில் உட்கார்ந்து, கையெழுத்து தெரியாமல் இருக்க இடது கையால் எழுதினாள். 'தானும் பயன்படுத்தாமல் பிறருக்கும் விடாமல் வைத்திருப்பவரை மனிதர் என்று சொல்ல முடியாது.' எழுதி ஒட்டியபோது அந்த மாதத்திலேயே முதல்முறையாகக் கொஞ்சம் உற்சாகமாக இருந்தது.

ஜனவரி இரண்டாம் வாரம் குளிர் இறங்கியது. மைனஸ் இருபது, இருபத்துமூன்று. ராய்லி போனாள். ஆணி டயர் போட்ட சக்கரம் பனியில் நொறுநொறுவென்று ஓடியது. இமை ஒட்டிக்கொண்டது. வேலைக்கூடத்தில் எல்லோரும், "நீ இன்னும் சைக்கிள்லதானா?" என்று, ஏதோ வியாதி இன்னும் தீரவில்லையா என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்கள். ஒரு நாள்கூட விடவில்லை. ஏன் விடவில்லை என்று கேட்டால் அவளுக்கு நல்ல பதில் கிடையாது. ஆரோக்கியம் இல்லை, இயற்கை இல்லை. பால்கனியில் நிற்கிற அந்தத் துடுப்பு மெஷின், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து ஒரே ஒரு காரியத்தையாவது கடைசி வரை செய்து முடிக்க வேண்டும். மார்ச் கடைசியில் பனி உருகும். அதுவரை போனால் போதும்.

மைனஸ் இருபத்தாறு வந்த புதன்கிழமை, ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது பெடல் திடீரென்று லேசாகிவிட்டது. மிதித்தாள். பெடல் சுற்றியது, செயின் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை. பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் உள்ளே உறைந்து, பல் பிடிக்காமல் வெறுமனே ஓடியது. இறங்கிக் காலால் உதைத்தாள். மறுபடி ஏறினாள். காற்றில் மிதிக்கிற மாதிரிதான் இருந்தது. பாலத்தின் மேல் அழுதாள். யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அழுத கண்ணீர் இமையில் உறைந்து இன்னொரு தொல்லையானது. மிச்சம் ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தாள். அன்றும் சைக்கிளோடுதான் வேலைக்குப் போனாள், சைக்கிள் மேல் அல்ல. ஐம்பது நிமிஷம் தாமதம்.

மூன்று மணிக்குச் சலவைக்கூடத்து வேன்காரர் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டார். தார்மோ முன்னதாகவே வந்திருந்தான்.

"எப்படி ஓடுச்சு?" என்று ஆர்வமாகக் கேட்டான். "நேத்து சாயங்காலம் நான்தான் அதைத் தூக்கிக்கிட்டுப் போயி துணி காயப்போடுற ரூம்ல வச்சேன். நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி திரும்ப வெளியில வச்சுட்டேன்."

ராய்லி அவனைப் பார்த்தாள். ஈரமும் சூடுமான அறையில் இரவெல்லாம் நின்ற சைக்கிள். உள்ளே ஈரம் இறங்கி, வெளியே வந்து பத்து நிமிஷத்தில் உறைந்திருக்கிறது. குளிர்காலத்தில் சைக்கிள் குளிரிலேயேதான் நிற்க வேண்டும். அந்த ஊரில் அது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"ஏன் வச்ச?"

"வெளியில ரொம்பக் குளிரா இருந்துச்சு."

"அது என்ன, கன்னுக்குட்டியா?"

"நல்லதுன்னு நெனச்சேன்."

"நாலு மாசமா ஒரு தடவை ஏன்னு கேட்டிருக்கியா? மொதத் தடவையா ஒரு நல்லது செஞ்ச. அதுலயே வண்டி படுத்துருச்சு."

தார்மோ கோபப்படவில்லை. காபியை அவள் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான். "போதும் ராய்லி" என்றான். "நான் அக்டோபர்னு சொன்னேன். நீ ஜனவரி வரைக்கும் ஓட்டிட்ட. நான் சொன்னது தப்பு. இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்தக் கம்பத்தைக் கேட்டுத் திருப்பி வாங்கு."

அவன் கேலி செய்திருந்தால் அவள் இன்னும் இரண்டு மாதம் ஓட்டியிருப்பாள். இப்படி இதமாகச் சொன்னதும் உள்ளே எதுவோ தளர்ந்துவிட்டது. ஆமாம், போதும் என்று பட்டது. காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய் என்சியோவின் கதவைத் தட்டினாள்.

"ஏழாம் நம்பர் யார்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க. நான் நேரா கேட்டுக்கிறேன்."

அவர் அவளுடைய சிவந்த கண்ணையும் குளிரில் வெடித்த கன்னத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "மூணாவது மாடி. ஹெல்லெவி."

"அவங்ககிட்ட காரே கிடையாதே."

"கிடையாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஹெல்லெவிக்கு எழுபத்திரண்டு வயது. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவள். கண்புரை வந்தபோது காரை விற்றுவிட்டாள். அதற்கு முன்னால் கம்ப வரிசையில் போட்ட பேர் மட்டும் அப்படியே இருந்திருக்கிறது. கதவைத் திறந்தவள் ராய்லியை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

"ஒருவழியா வந்துட்ட" என்றாள். "ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா."

மேசையில் இரண்டு கோப்பை வைத்தாள். பன்னை வெட்டினாள். பிறகு ஜன்னலோரத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து ராய்லியின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏழு என்று எழுதிய தகடு அதில் தொங்கியது.

"எடுத்துக்க. உனக்காகத்தான் வச்சிருந்தேன்."

"எனக்காகவா?"

"அன்னைக்கு நானும் அங்கதானே இருந்தேன். வாயை விட்ட உடனே உன் மூஞ்சியப் பாத்தேன். நீ நவம்பர்ல வந்து நிப்பேன்னு தெரிஞ்சுபோச்சு. வேற யார் கைக்காவது போயிருந்தா உனக்குத் திரும்பி வர்றதுக்குப் பத்து வருஷம். நான்தான் வரிசையில முதல்ல இருந்தேன். கார் இல்லன்னு என்சியோவுக்குத் தெரியும். அவன் கேக்கல, நானும் சொல்லல."

ராய்லி சாவியை எடுக்கக் கையை நீட்டினாள். இந்தக் கட்டடத்தில் ஒருத்தி தனக்காக இதைச் செய்திருக்கிறாள். அடுத்த நொடி கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்போ நான் விட்டுருவேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டீங்க."

"எல்லாரும்தான் பண்ணாங்க."

"நீங்களுமா?"

"நானும் எல்லாரையும் மாதிரிதானே." ஹெல்லெவி காபியை ஊதினாள். "நவம்பர் ஆரம்பத்துல, புனிதர்கள் நாளுக்கு நீ வருவேன்னு பாத்தேன், வரல. டிசம்பர்ல சுதந்திர நாள் அன்னைக்கு ஜன்னல்ல ரெண்டு மெழுகுவத்தி ஏத்திட்டு, இன்னைக்கு நீ வந்துருவேன்னு காபி போட்டு வச்சேன். நானே குடிச்சேன். கிறிஸ்துமஸும் போச்சு. தினம் ஆறே காலுக்கு இந்த ஜன்னல்ல வந்து நிக்கிறேன். கீழ உன் வெளக்கு ஆடிக்கிட்டே போகுது. எனக்கு எரிச்சலா வரும். உனக்காக நான் ஊர்ப் பேச்சு வாங்கிக்கிட்டு இருக்கேன், நீ பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே போற."

எழுந்து போய் அலமாரி இழுப்பறையைத் திறந்தாள். பலகையில் காணாமல் போன சீட்டுகள் எல்லாம் அதில் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக மேசையில் போட்டாள். கடைசிச் சீட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"இதுதான் ரொம்ப வலிச்சது. மனுஷி இல்லைன்னு போட்டிருக்கு."

ராய்லி தன் இடது கை எழுத்தைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "அது நான் எழுதுனது" என்றாள்.

"தெரியும். பின்னாடி திருப்பிப் பாரு."

திருப்பினாள். 'படுக்கை விரிப்பு, தலையணை உறை, எண்ணிக்கை' என்று கட்டம் போட்டு அச்சடித்திருந்தது. சலவைக்கூடத்துச் சீட்டு. கையெழுத்தை மறைக்க அவ்வளவு பாடுபட்டவள் காகிதத்தைக் கவனிக்கவில்லை.

"அப்புறமும் ஏன் வச்சிருந்தீங்க?"

"குளிர்ல போறவ என்னத்தையோ எழுதுவா. பன் எடுத்துக்க."

ராய்லி வெட்கத்தோடு பன்னைத் தின்றாள், கோபத்தோடு சாவியை எடுத்துக்கொண்டாள். வந்த வேலை முடிந்துவிட்டது. கேட்க வந்தது கேட்காமலே கையில் இருந்தது. கீழே இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் உடம்பு கனத்தது.

தார்மோ அரை மணியில் மண்வெட்டியோடு இறங்கிப் போய் ஏழாம் இடத்துப் பனியை வாரினான். சுற்றிலும் ஒன்றிரண்டு திரைச்சீலை அசைந்தது. காரைப் பின்வரிசையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தி, வயர் போட்டு, திருகில் நேரமும் குறித்துவிட்டு வந்தான். சமையலறையில் உட்கார்ந்திருந்த ராய்லிக்கு மண்வெட்டி கீறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்பானிஷ் மூணு வாரம், தேனீ நாலு புத்தகம், சைக்கிள் நாலு மாசம் என்று அது சொல்வது போல இருந்தது.

காலையில் மைனஸ் இருபத்தெட்டு. ஆறே காலுக்கு அவள் கார்ச் சாவியோடு கீழே வந்தாள். ஏழாம் கம்பத்தின் கீழ் கார் சூடாக நின்றது, கண்ணாடியில் பொட்டுப் பனி இல்லை. கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இருக்கை இதமாக இருந்தது. சத்தியமாக நன்றாக இருந்தது. எதற்காக இத்தனை நாள் கிடந்து செத்தோம் என்று நினைத்தபடி நிமிர்ந்தவள் மூன்றாவது மாடியைப் பார்த்துவிட்டாள்.

ஹெல்லெவி ஜன்னலில் நின்றாள். கையில் கோப்பை. இன்றைக்குத்தான் எரிச்சல் இல்லாமல் காபி குடிக்கிறாள் என்று ராய்லிக்குத் தோன்றியது. அவள் எதிர்பார்த்த நாள் நாலு மாதம் கழித்து வந்துவிட்டது. எல்லோரும் சரி, ராய்லி மட்டும் தப்பு.

அந்த நினைப்பு வந்ததும் இதமான இருக்கை முள்ளாகிவிட்டது. காரை விட்டு இறங்கினாள். மறுபடி மாடியேறி வீட்டுக்குள் போனாள். தார்மோ கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தான்.

"என்ன, கார் கிளம்பலையா?"

"கிளம்பும்." குளியலறையிலிருந்து ஹேர் டிரையரை எடுத்தாள்.

"தலைக்குக் குளிச்சியா?"

"இல்ல. தையல் மெஷினுக்குப் போடுற எண்ணெய் எங்க இருக்கு?"

தார்மோ எதுவும் கேட்காமல் எண்ணெயை எடுத்துக் கொடுத்தான். நாலு மாதத்தில் அவன் செய்த இரண்டாவது நல்ல காரியம் அது. இதில் சேதம் எதுவும் இல்லை.

ராய்லி காரின் வயரைப் பிடுங்கி வீசினாள். சைக்கிளை ஏழாம் கம்பத்துக்குத் தள்ளி வந்து சாய்த்து, ஹேர் டிரையரைக் கம்பத்தின் பெட்டியில் சொருகினாள். பனியில் மண்டிபோட்டு, பின்சக்கரத்தின் நடுவில் சூடான காற்றைப் பிடித்தாள். அந்த நிசப்தமான காலையில் அது ஒரு விமானம் கிளம்புகிற மாதிரி அலறியது. ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. கம்பத்துக்குப் பத்து வருஷம் காத்திருந்தவர்கள், அந்தக் கம்பத்தில் ஒருத்தி சைக்கிளுக்குத் தலை உலர்த்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினைந்து நிமிஷம். முழங்கால் மரத்துப்போனது. கை மாற்றி மாற்றிப் பிடித்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தார்மோ, ஹெல்லெவி, நவம்பர், பத்திரிகைக்காரன், தான் என்று வரிசையாகத் திட்டினாள். பெடலைக் கையால் அழுத்தினாள். 'டக்' என்று பல் பிடித்தது. எண்ணெய் விட்டு நாலு சுற்றுச் சுற்றினாள். பிடித்தது.

கம்பத்தைப் பூட்டினாள். பையில் கிடந்த சலவைச் சீட்டு ஒன்றை எடுத்து, கார் மூடி மேல் வைத்து வலது கையால் எழுதினாள். 'ஏழாம் நம்பரை வரிசையில் அடுத்தவருக்குக் கொடுக்கவும். ஹெல்லெவி அதை எனக்காக வைத்திருந்தார். அவரைத் திட்டி எழுதியவர்களில் நானும் ஒருத்தி. இனி எனக்காக யாரும் எதையும் வைத்திருக்க வேண்டாம். ராய்லி, B 14.' சாவியை அதில் சுற்றி என்சியோவின் கதவுத் துவாரத்தில் போட்டுவிட்டு சைக்கிளில் ஏறினாள்.

அன்று அவள் திரும்பி வந்தபோது அந்தச் சீட்டு பலகையில் குத்தியிருந்தது. அந்தப் படிக்கட்டில் பேர் போட்டு ஒட்டிய முதல் சீட்டு அதுதான். அதற்குக் கீழே, பேர் இல்லாமல், வேறொன்று. 'கார் சூடேற்றும் மின்சாரத்தில் ஹேர் டிரையர் போடுவது விதிப்படி சரியா?' ராய்லி அதைப் படித்துவிட்டு மாடியேறினாள்.

மறுநாள் காலையும் மைனஸ் இருபத்தெட்டுதான். ஏழாம் கம்பத்தில் யாருடைய சிவப்புக் காரோ வயர் போட்டுக்கொண்டு சொகுசாக நின்றது. தார்மோ நகர்த்திவிட்ட அவர்களுடைய கார் பின்வரிசையில் பனிமூடிக் கிடந்தது. இந்தக் குளிரில் இனி அதை நம்பிப் பயனில்லை. ராய்லி பூட்டைத் திறந்துவிட்டு, பழக்கத்தில் மூன்றாவது மாடியைப் பார்த்தாள்.

ஜன்னல் இருட்டாக இருந்தது. ஹெல்லெவி தூங்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு இனி எழுந்து நிற்கக் காரணம் இல்லை. மற்ற ஜன்னல்களிலும் யாரும் இல்லை. ராய்லி அன்று வேலைக்குப் போனாளா, பஸ்ஸில் போனாளா, திரும்பிப் போய்ப் போர்வைக்குள் படுத்துக்கொண்டாளா என்று பார்க்க அந்தக் கட்டடத்தில் ஒரு ஆள் இல்லை. அவள் ஜெயிப்பாள் என்றும் யாரும் நினைக்கவில்லை, தோற்பாள் என்றும் யாரும் காத்திருக்கவில்லை.

இவ்வளவு நாளும் இதைத்தான் கேட்டோமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு காலால் பெடலை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள். பிடித்தது. சனியன், இன்றைக்கும் பிடிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.